அட்ரஸ் கேட்டா அக்கவுண்ட் கேக்கறாங்க, அக்கவுண்ட் கேட்டா அட்ரஸ் கேக்கறாங்க

வாசகர் கேள்வி - பதில்

வெளிநாட்டுல பேங்க் அக்கவுண்ட் திறக்கறது பத்தி என்ன சந்தேகம் இருந்தாலும் எழுதுங்கன்னு போன இதழ்ல ரெண்டே ரெண்டு வரி போட்டேன், மெயில் பெட்டி ரொம்பி வழியுது. படிக்கப் போறவங்க, வேலைக்குப் போறவங்க, கல்யாணம் ஆகிப் போறவங்க, எல்லாத்தையும் மூட்டை கட்டிட்டுத் திரும்பறவங்கன்னு எல்லா ரகமும் இருக்கு. ஒரே மாதிரி இருந்த கேள்விகளை ஒண்ணாக் கட்டிட்டேன். யார் பேரும் போடல, பணம் சம்பந்தப்பட்ட விஷயம் பாருங்க.

கேள்வி: அக்கா, ஜெர்மனிக்கு மாஸ்டர்ஸ் படிக்க வந்து 3 வாரம் ஆச்சு. ரூம் கேட்டா இந்த ஊர் பேங்க் அக்கவுண்ட் இருக்கான்னு கேக்கறாங்க, பேங்க்குக்குப் போனா முதல்ல அட்ரஸ் பதிஞ்சிட்டு வான்னு திருப்பி அனுப்பறாங்க. நான் எங்கேந்து ஆரம்பிக்கறது?

பதில்: தம்பி, இந்தச் சுத்துல மாட்டாம வெளிநாட்டுல குடியேறினவங்க ரொம்பக் கம்மி, நானும் அதே நாட்டுல படிக்கப் போய் நல்லா மாட்டினவதான். ஒண்ணு புரிஞ்சுக்கங்க, பேங்க்காரங்களுக்கு மூணு விஷயம் தெரிஞ்சாகணும். நீங்க யாரு, எங்க படுத்துத் தூங்கறீங்க, வரி எந்த நாட்டுக்குக் கட்டறீங்க. முதல் கேள்விக்கு பாஸ்போர்ட் பதில் சொல்லிடும், மூணாவதுக்கு நீங்களே ஒரு பாரத்துல எழுதிக் கையெழுத்து போட்டா முடிஞ்சுது, நடுவுல இருக்கறதுதான் மனுஷனைப் போட்டு வாட்டுது.

ஜெர்மனில வீட்டுக்குக் குடிபோன 2 வாரத்துக்குள்ள ஊர் அலுவலகத்துல போய் அட்ரஸ் பதியணும், அன்மெல்டுங்னு சொல்லுவாங்க. அதுக்கு வீட்டுக்காரர் "இவர் இங்கதான் குடியிருக்கார்"னு ஒரு தாள் எழுதித் தரணும், அந்தத் தாளோட பேரு வோனுங்ஸ்கேபர்பெஸ்டேடிகுங், வாய்விட்டுப் படிச்சு முடிக்கறதுக்குள்ள வீடே மாறிடலாம். இந்தத் தாள் கிடைக்குமா கிடைக்காதாங்கறதுதான் உங்க மொத்தப் பிரச்சினையோட முடிச்சு. அதனால ரூம் பாக்கும்போது வாடகை எவ்ளோன்னு கேக்கறதுக்கு முன்னாடி, அட்ரஸ் பதிய தாள் தருவீங்களான்னு கேளுங்க. உள்வாடகைக்கு விடற சில பேர் "தங்கிக்க, ஆனா பதியக்கூடாது"ம்பாங்க, சும்மா குடுத்தாலும் அந்த ரூம் உங்களுக்கு வேணாம். பெரிய நகரங்கள்ல ஊர் அலுவலக அப்பாயின்மென்ட் கிடைக்கவே வாரக்கணக்கு ஆகும், அதனால ரூம் உறுதியான அன்னிக்கே ஆன்லைன்ல தேதி போட்டுடுங்க, நடுவுல யாராவது கேன்சல் பண்ணுவாங்க, காலைல எழுந்ததும் அந்தப் பேஜை ரெண்டு தடவை ரிஃப்ரெஷ் பண்ணிப் பாருங்க.

அதுவரைக்கும்? விசாவுக்காக ஷ்பெர்கோன்டோல பணம் போட்டிருப்பீங்க, முடக்கி வச்ச அக்கவுண்ட், 2024 செப்டம்பர்லேந்து ஒரு வருஷத்துக்கு 11,904 யூரோ, மாசம் 992 யூரோன்னு பிரிச்சு விடுவாங்க. அது வந்து விழறதுக்கு உங்க பேர்ல ஒரு சாதா அக்கவுண்ட் வேணும், அதுக்குப் பேரு கீரோகோன்டோ. வீடியோ கால்ல பாஸ்போர்ட்டைக் காட்டித் திறக்கற ஆன்லைன் பேங்க்குகள் சிலது ஊர்ப் பதிவுச் சான்றிதழ் கேக்கறது இல்ல, கடிதம் வந்து சேர ஒரு அட்ரஸ் இருந்தா போதும்ங்கும். ஆனா எல்லா நாட்டு பாஸ்போர்ட்டையும் அந்த வீடியோ முறைல ஏத்துக்க மாட்டாங்க, விண்ணப்பம் போடறதுக்கு முன்னாடி லிஸ்ட்ல உங்க நாடு இருக்கான்னு பாத்துடுங்க, இல்லாட்டி போஸ்ட் ஆபீஸ்ல போய் பாஸ்போர்ட்டைக் காட்டிச் சரிபாக்கற வழி இருக்கான்னு கேளுங்க.

இனிமே வரப்போறது என் சொந்தக் கதை. அக்கவுண்ட் திறந்தாச்சு, கார்டு ஒரு கவர்ல, பின் நம்பர் இன்னொரு கவர்ல, தனித்தனியா போஸ்ட்ல வரும்னாங்க. ஒரு வாரம் ஆச்சு, ரெண்டு வாரம் ஆச்சு, ஒண்ணும் வரல. பேங்க்குக்குப் போன் போட்டா "ரெண்டு தடவை அனுப்பினோம், ஆள் இல்லைனு திரும்பி வந்துடுச்சு"ங்கறாங்க. நான் அந்த வீட்டுலதான் தினமும் தோசைக்கல் மாதிரி அசையாம உக்காந்திருந்தேன். அப்பறம் மேல் மாடில இருந்த பொண்ணு என்னைக் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போய் வாசல்ல இருந்த தபால் பெட்டியைக் காட்டினா. அந்த ஊர்ல ஃப்ளாட் நம்பர் எழுதற வழக்கம் பெருசா இல்ல, பெட்டில ஒட்டியிருக்கற பேரைப் பாத்துதான் தபால்காரர் போடுவார், பேர் இல்லைன்னா கடிதம் போன வழியே திரும்பும். பெட்டில இருந்தது எனக்கு முன்னாடி குடியிருந்தவர் பேரு. உடனே ஒரு துண்டுத் தாள்ல பேர் எழுதி ஒட்டினேன், மேல டேப் போடாம விட்டுட்டேன், மறுநாள் மழை, மை ஊறிப் பாதி எழுத்து காணாமப் போச்சு. மூணாவது தடவைதான் கார்டு வந்துது. அதனால சாவி கைக்கு வந்ததும் முதல் வேலை பெட்டில பேரு, பாஸ்போர்ட்ல இருக்கற அதே எழுத்துல, மேல டேப்பு.

மத்த நாட்டுக்குப் போறவங்களுக்கும் சேத்துச் சொல்லிடறேன். பிரிட்டன்ல படிக்கப் போறவங்களுக்கு யூனிவர்சிட்டியே பேங்க்குக்குன்னு ஒரு கடிதம் தரும், பல இடத்துல எந்த பேங்க்னு பேரைப் போட்டே தருவாங்க, அதனால முதல்ல பேங்க்கை முடிவு பண்ணிட்டுக் கடிதம் கேளுங்க. அதுல இருக்கற அட்ரஸும் நீங்க ஆப்ல அடிக்கற அட்ரஸும் புள்ளி கமா வரைக்கும் ஒண்ணா இருக்கணும், ஒண்ணுல "ஃப்ளாட் 3, 14"னு இருந்து இன்னொண்ணுல "14/3"னு இருந்தா கம்ப்யூட்டர் ரெண்டும் வேற வீடுன்னு நெனச்சுத் தள்ளிடும். ஆஸ்திரேலியாவுல இந்தத் தலைவலி கம்மி, கிளம்பறதுக்கு முன்னாடியே ஆன்லைன்ல திறந்து வச்சிட்டு, போய் இறங்கினதும் பாஸ்போர்ட்டோட பிராஞ்ச்ல முகத்தைக் காட்டினா போதும்ங்கற பேங்க்குகள் இருக்கு.

கேள்வி: அக்கவுண்ட் திறக்க வரி நம்பர் எதுக்கு? வேற நாட்டு வரி நம்பரையும் கேக்கறாங்க. எழுதாம விட்டா என்ன?

பதில்: எழுதாம விட்டா விண்ணப்பம் நிக்கும், இல்லாட்டி திறந்த அக்கவுண்ட் பின்னாடி முடங்கும். இது பேங்க்கோட ஆசை இல்ல, சட்டம். கறுப்புப் பணத்தைத் தடுக்கறதுக்குன்னு 1989ல எஃப்ஏடிஎஃப்னு ஒரு சர்வதேச அமைப்பு வந்துது, "உன் வாடிக்கையாளர் யாருன்னு தெரிஞ்சுக்க"ங்கற விதியெல்லாம் உலகம் முழுக்க ஒரே மாதிரி இருக்கறதுக்கு அதுதான் காரணம். அப்பறம் 2010ல அமெரிக்கா ஃபாட்கான்னு ஒரு சட்டம் போட்டு, எங்க ஆளுங்க உங்க பேங்க்ல பணம் வச்சிருந்தா எங்களுக்குச் சொல்லுன்னுச்சு, அதைப் பாத்து 2014ல ஓஈசிடிங்கற நாடுகளோட கூட்டமைப்பு சிஆர்எஸ்னு ஒரு முறை கொண்டு வந்துது. இன்னிக்கு 100க்கும் மேல நாடுகள் அதுல இருக்கு. நீங்க வரி கட்டற நாடு வேறன்னா உங்க பேலன்ஸ், வட்டி விவரம் வருஷத்துக்கு ஒரு தடவை அந்த நாட்டு வரித்துறைக்குத் தன்னால போயிடும்.

ஆனா பதறாதீங்க, விவரம் போறது வேற, வரி போடறது வேற. அந்தப் பாரத்துல அவங்க கேக்கறது நீங்க எந்த நாட்டுக் குடிமகன்கறதை இல்ல, வரிக்கு எந்த நாட்டுல குடியிருக்கறவர்ங்கறதை, நிறைய பேர் குழப்பிக்கறது இங்கதான். போய் இறங்கின மாசத்துல ஒரு பதில், ஒரு வருஷம் கழிச்சு வேற பதில் வரலாம், மாறினா பேங்க்குக்குச் சொல்லிடணும். ஜெர்மனில அட்ரஸ் பதிஞ்ச கொஞ்ச நாள்ல 11 இலக்க வரி நம்பர் தானா போஸ்ட்ல வரும் (தபால் பெட்டி, பேரு, டேப்பு!), அது வந்ததும் பேங்க்குக்கு அனுப்பினா சரி. ஆஸ்திரேலியாவுல வரி நம்பரைக் குடுக்கறது கட்டாயம் இல்ல, ஆனா அங்க குடியிருக்கறவர் குடுக்காம விட்டா வட்டில 47 சதவீதம் பிடிச்சிட்டு மிச்சத்தைத்தான் தருவாங்க, கட்டாயம் இல்லைனு எவ்ளோ அழகாச் சொல்றாங்க பாருங்க.

கேள்வி: அமெரிக்கால படிக்கறேன், கேம்பஸ் வேலை இன்னும் கிடைக்கல. சோஷியல் செக்யூரிட்டி நம்பர் இல்லாம அக்கவுண்ட் கிடையாதுன்னு பேங்க்ல சொல்லிட்டாங்க. காத்திருக்கணுமா?

பதில்: வேணாம். எஃப்-1ங்கற மாணவர் விசால இருக்கறவங்களுக்கு வேலை அனுமதியோட ஒரு வேலை கைல இருந்தாதான் அந்த நம்பரே தருவாங்க, வேலை கிடைக்காம வருஷக்கணக்கா அது இல்லாம இருக்கறவங்க உண்டு, அவங்கல்லாம் காசைத் தலையணைக்குள்ளயா வச்சிருக்காங்க? 2001ல வந்த பேட்ரியாட் சட்டத்தின் கீழ பேங்க் கேக்க வேண்டியது பேரு, பிறந்த தேதி, அட்ரஸ், ஒரு அடையாள நம்பர். வெளிநாட்டுக்காரங்களுக்கு அந்த நம்பர் பாஸ்போர்ட் நம்பராவே இருக்கலாம், எந்த நாடு குடுத்ததுன்னு சேத்து எழுதிக்கணும். சட்டம் தடுக்கல, அந்த பேங்க்கோட கொள்கை தடுக்கலாம், இல்ல கவுன்ட்டர்ல இருந்தவருக்கு விஷயம் தெரியாம இருக்கலாம். யூனிவர்சிட்டி பக்கத்துல இருக்கற பிராஞ்ச்சுக்குப் போங்க, அங்க இதைத் தினமும் பண்ணிப் பழகியிருப்பாங்க. பாஸ்போர்ட், ஐ-20 (விசாவுக்காக யூனிவர்சிட்டி குடுத்த பாரம்), அட்ரஸுக்கு வாடகை ஒப்பந்தமோ ஹாஸ்டல் கடிதமோ எடுத்துக்கங்க.

கையெழுத்து போடும்போது ஒரே ஒரு கவனம். டபிள்யூ-8பென்னு ஒரு பாரம், டபிள்யூ-9னு ஒரு பாரம். முதலாவது, நான் அமெரிக்க வரிக் குடியிருப்பாளர் இல்லைன்னு சொல்றது, ரெண்டாவது, ஆமா நான் அமெரிக்க வரிக் கணக்குல வர்றவர்னு சொல்றது. அவசரத்துல ரெண்டாவதுல கையெழுத்து வாங்கிடுவாங்க, வந்து கொஞ்ச மாசமே ஆன மாணவருக்குப் பொதுவா அது தப்பு. வரிக்கு வெளிநாட்டுக்காரரா இருக்கறவரைக்கும் பேங்க் டெபாசிட் வட்டிக்கு அங்க வரி கிடையாது, தப்பான தாள்ல கையெழுத்து போட்டு அதை ஏன் குழப்பிக்கணும்? டபிள்யூ-8பென் கையெழுத்து போட்ட வருஷத்துக்கு அப்பறம் மூணாவது வருஷக் கடைசி வரைக்கும் செல்லும், அதுக்குமேல புதுசு குடுக்கணும்.

இன்னொண்ணு, டெபிட் கார்டுக்கு ஓவர்டிராஃப்ட் வசதி வேணுமான்னு கேப்பாங்க, கேக்கறப்போ என்னமோ பரிசு குடுக்கற மாதிரிதான் இருக்கும். கணக்குல காசு இல்லாதப்பவும் கார்டு தேய்க்க விட்டு, ஒவ்வொரு தேய்ப்புக்கும் ஃபீஸ் போடற ஏற்பாடு அது. உங்க சம்மதம் இல்லாம கார்டுக்கும் ஏடிஎம்முக்கும் அந்த ஃபீஸ் போடக்கூடாதுன்னு 2010லேந்தே விதி இருக்கு, அதனால வேணாம்னு சொல்லிட்டு எழுந்து வாங்க.

கேள்வி: என் பாஸ்போர்ட்ல சர்நேம் கட்டம் காலி. பேங்க் ஆப்ல அந்தக் கட்டத்தை நிரப்பாம அடுத்த பக்கம் போக விடமாட்டேங்குது. அப்பா பேரைப் போட்டுடலாமா?

பதில்: அவசரப்பட்டு எதையும் போட்டுடாதீங்க! பாஸ்போர்ட்டோட அடில அம்புக்குறி அம்புக்குறியா ரெண்டு வரி இருக்கும் பாருங்க, ஒவ்வொண்ணுலயும் 44 எழுத்து, பேங்க்கோட மெஷின் படிக்கறது அதைத்தான், மேல அழகா அச்சடிச்சிருக்கறதை இல்ல. அதுல இல்லாத ஒரு பேரை நீங்க அடிச்சா பொருந்தாது. ஆப்ல முடியலைன்னா பிராஞ்ச்சுக்குப் போங்க, கவுன்ட்டர்ல இருக்கறவங்க ஒரே பேரை ரெண்டு கட்டத்துலயும் போடுவாங்க, இல்ல ஒரு கோடு போடுவாங்க, அது அந்தந்த பேங்க் வழக்கம். அமெரிக்க விசாவுல முதல் பேர் இருக்கற இடத்துல எஃப்என்யூன்னு அடிச்சுக் குடுப்பாங்க, முதல் பேர் தெரியலைன்னு அர்த்தம், அது அப்படியே கார்டுலயும் ஏறி "மிஸ்டர் எஃப்என்யூ"ன்னு கூப்பிடறவங்க உண்டு, சிரிச்சிட்டுப் போயிடணும்.

முக்கியம் என்னன்னா எந்த வடிவத்துல ஏறுச்சோ அதே வடிவத்தை வீட்டு ஒப்பந்தம், ஆபீஸ், யூனிவர்சிட்டி எல்லா இடத்துலயும் பிடிச்சுக்கங்க. முன்னாடியெல்லாம் அக்கவுண்ட் நம்பர் சரியா இருந்தா பணம் போயிடும், பேரை யாரும் பாக்க மாட்டாங்க. இப்ப அப்படி இல்ல. பிரிட்டன்ல 2020லேந்து பெரிய பேங்க்குகள் பணம் அனுப்பறதுக்கு முன்னாடி பேரையும் ஒப்பிட்டுப் பாக்குது, யூரோ நாடுகள்ல 2025 அக்டோபர்லேந்து இது எல்லா பேங்க்குக்கும் கட்டாயம். சம்பளம் போடற ஆபீஸ்ல பேர் முன்ன பின்ன இருந்தா "பேர் பொருந்தல"ன்னு எச்சரிக்கை வரும், உங்க ஹெச்ஆர் பயந்து நிறுத்திடுவார். ஜப்பான் போறவங்க பேரைக் காதகானா எழுத்துல எழுதித் தரணும், ஒரு தடவை எப்படி எழுதறீங்களோ அதுதான் கடைசி வரைக்கும், நெட்டெழுத்துக்கு ஒரு கோடு போட்டா போட்டதுதான், விட்டா விட்டதுதான்.

கேள்வி: கல்யாணம் ஆகி வந்து 5 மாசம். வீட்டு ஒப்பந்தம், கரண்ட், இன்டர்நெட் எல்லாம் அவர் பேர்ல. என் பேர்ல ஒரு தாள்கூட இல்ல. ஜாயின்ட் அக்கவுண்ட் போதும்கறார். போதுமா?

பதில்: ஜாயின்ட் இருக்கட்டும், வீட்டுச் செலவுக்கு அது வசதிதான். ஆனா உங்க பேர்ல மட்டும் ஒண்ணு தனியா இருக்கணும், இதுல எனக்கு ரெண்டாவது கருத்தே கிடையாது. நாளைக்கு உங்களுக்கு வேலை கிடைச்சா சம்பளம் எதுல வரும்? ஜாயின்ட் அக்கவுண்ட்ல ஒருத்தர் இழுத்து விட்ட ஓவர்டிராஃப்ட் கடனுக்கு ரெண்டு பேரும்தான் பொறுப்பு, இதையும் யாரும் முன்னாடி சொல்லித்தர மாட்டாங்க.

தாளை உண்டாக்கறதுதான் வேலை. வீட்டு ஒப்பந்தத்துல உங்க பேரையும் சேக்கச் சொல்லி வீட்டு ஓனருக்கு உங்க கணவரையே மெயில் போடச் சொல்லுங்க, பெரும்பாலும் ஒரு பக்க இணைப்புத் தாள்தான். எந்த நாடோ எழுதல நீங்க, பிரிட்டன்னா கவுன்சில் டாக்ஸ், அதாவது வீட்டுக்குக் கட்டற உள்ளாட்சி வரி பில்லுல உங்க பேரைச் சேக்கச் சொல்லுங்க, அது ஒரு போன்லயோ ஆன்லைன்லயோ முடியும், அட்ரஸுக்கு அதைவிட நல்ல ஆதாரம் கிடையாது. பிரான்ஸ்னா இன்னும் சுலபம், இவங்க என் வீட்டுல இருக்காங்கன்னு அவர் கைப்பட எழுதிக் கையெழுத்து போட்டு, அவரோட அடையாள அட்டை நகல், அவர் பேர்ல இருக்கற பில் ரெண்டையும் சேத்துக் குடுத்தா பேங்க் ஏத்துக்கும், அதுக்குன்னே அத்தேஸ்தாசியோன் தெபெர்ஜ்மான்னு பேரே இருக்கு. அரசாங்க ஆபீஸ்லேந்து உங்க பேருக்கு வர்ற எந்தக் கடிதத்தையும் கவரோட சேத்துப் பத்திரப்படுத்துங்க, மூணு மாசத்துக்கு மேல பழசானா பல பேங்க் ஏத்துக்காது, அதனால வந்த சூட்டோட போயிடுங்க.

கேள்வி: மூணு பேங்க்ல காரணமே சொல்லாம மாட்டேன்னுட்டாங்க. கேக்க ஆள் இருக்கா?

பதில்: எந்த நாடுங்கறதைப் பொறுத்து. ஐரோப்பிய யூனியன்ல சட்டப்படி தங்கியிருக்கற யாருக்கும் ஒரு அடிப்படை அக்கவுண்ட் உரிமை, 2014ல வந்த வழிகாட்டுச் சட்டம் அது, புகலிடம் கேட்டு வந்தவங்களுக்கும் உண்டு. முழு விண்ணப்பம் குடுத்து 10 வேலை நாளுக்குள்ள திறக்கணும், இல்ல மறுக்கறோம்னு எழுத்துல தரணும். ஜெர்மனில அதுக்கு பாசிஸ்கோன்டோன்னு பேரு, அந்த வார்த்தையைச் சொல்லிக் கேக்கணும், சும்மா "அக்கவுண்ட் வேணும்"னா சாதா விண்ணப்பமா எடுத்துக்கிட்டுத் தள்ளிடுவாங்க. மறுத்தா பாஃபின்கற கண்காணிப்பு அமைப்புகிட்ட போகலாம். பிரான்ஸ்ல மறுப்புக் கடிதத்தை எடுத்துட்டு பாங்க் து ஃபிரான்ஸ்ங்கற அந்த நாட்டு மத்திய வங்கிகிட்ட போனா அவங்களே ஒரு பேங்க்கைக் குறிச்சு இவருக்குத் திறன்னு சொல்லிடுவாங்க, குறிக்க ஒரு வேலை நாள், தாளெல்லாம் குடுத்தப்பறம் அந்த பேங்க் திறக்க மூணு வேலை நாள். கனடாவுல சரியான அடையாளம் காட்டினா வேலை இல்லைன்னாலும், போட ஒரு காசு இல்லைன்னாலும், முன்ன திவால் ஆகியிருந்தாலும் பேங்க் அக்கவுண்ட் திறந்தாகணும். மறுக்கறவங்ககிட்ட சண்டை வேணாம், "இதை எழுத்துல தாங்க"ன்னு மட்டும் கேளுங்க, பாதிப் பேர் அங்கயே "இருங்க, மேனேஜரைக் கேக்கறேன்"னு உள்ள போவாங்க.

கேள்வி: ஆப்ல 10 நிமிஷத்துல ஒரு அக்கவுண்ட் திறந்துட்டேன், ஐபான் வேற யூரோ நாட்டோடது. "நம்ம நாட்டு ஐபான்தான் வேணும்"னு ஆபீஸ்ல சம்பளம் போட மாட்டேங்கறாங்க.

பதில்: ஐபான்ங்கறது உங்க அக்கவுண்டோட சர்வதேச நம்பர், அதோட முதல் ரெண்டு எழுத்து நாட்டைச் சொல்லும், அதைப் பாத்துதான் சொல்லியிருப்பாங்க. யூரோல பணம் போடறவங்க, எடுக்கறவங்க, ஐபான் எந்த நாட்டோடதுன்னு பாத்து மறுக்கக்கூடாதுன்னு 2012லயே ஐரோப்பிய விதி இருக்கு, 260/2012னு நம்பர், மெயில்ல அந்த நம்பரை மட்டும் மரியாதையாப் போட்டு அனுப்புங்க. பல ஆபீஸ்ல இது கெட்ட எண்ணம் இல்ல, பழைய சாஃப்ட்வேர்.

ஆனா உங்க ஆப் நிஜமாவே பேங்க்கா, இல்ல மின்பணம் வைக்கற கம்பெனியான்னு பாத்துக்கங்க. பேங்க் லைசென்ஸ் இருந்தா ஐரோப்பிய யூனியன்ல ஒருத்தருக்கு ஒரு பேங்க்ல 1,00,000 யூரோ வரைக்கும் டெபாசிட் காப்பீடு, அமெரிக்கால 2,50,000 டாலர், சிங்கப்பூர்ல 2024 ஏப்ரல்லேந்து 1,00,000 சிங்கப்பூர் டாலர். மின்பணக் கம்பெனின்னா உங்க பணத்தைத் தனியா எடுத்து வைக்கணும்னு விதி இருக்கு, ஆனா அந்தக் காப்பீடு நேரா கிடையாது. வந்த புதுசுல சமாளிக்க ஆப் அருமை, ஆயுசுக்கும் சேத்த பணத்தை அதுல போட்டு வைக்காதீங்க.

கேள்வி: வீட்டுலேந்து பணம் அனுப்பினாங்க, வந்தப்போ கொஞ்சம் குறையுது. பேங்க்கைக் கேட்டா நாங்க எடுக்கலைங்கறாங்க.

பதில்: உண்மையாத்தான் இருக்கும். ஸ்விஃப்ட்ங்கற, பேங்க்குகள் நாடு விட்டு நாடு பணம் அனுப்பத் தகவல் பரிமாறிக்கற வலை வழியா போற பணம் பெரும்பாலும் நேரா போறது இல்ல, நடுவுல ஒண்ணோ ரெண்டோ இடை பேங்க் கையில ஏறி இறங்கும், ஒவ்வொருத்தரும் கொஞ்சம் கிள்ளிப்பாங்க. அனுப்பறவங்க பாரத்துல கட்டணம் யாருதுன்னு மூணு தேர்வு இருக்கும், எல்லாம் அனுப்பறவர், பாதிப் பாதி, எல்லாம் வாங்கறவர்னு. காலேஜ் ஃபீஸ் மாதிரி காசு குறையாம போய்ச் சேர வேண்டியதுக்கு முதலாவதைப் போடச் சொல்லுங்க.

பேங்க் கோட் நம்பர் விஷயத்துல தகராறு பண்ற இன்னொரு கூட்டம் இருக்கு. ஸ்விஃப்ட் கோடு 8 இல்ல 11 எழுத்து, அது பேங்க்கோட அடையாளம். ஐபான் உங்க அக்கவுண்டோட அடையாளம், ஜெர்மனில 22 எழுத்து, பிரான்ஸ்ல 27, எமிரேட்ஸ்ல 23, நாட்டுக்கு நாடு மாறும். நாட்டு எழுத்துக்கு அடுத்த ரெண்டு இலக்கம் சோதனை இலக்கம், ஒரு நம்பரைத் தப்பா அடிச்சா அங்கயே மாட்டிக்கும், அதனால ஐபான்ல பணம் யாரோ ஒருத்தருக்குப் போயிடுமோன்னு ரொம்பப் பயப்பட வேணாம். அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா, ஜப்பான்ல ஐபானே கிடையாது, ஐபான் குடுன்னு அந்த பேங்க்ல நின்னு சண்டை போட்டவரை எனக்குத் தெரியும். அமெரிக்கான்னா 9 இலக்க ரௌட்டிங் நம்பர், ஆஸ்திரேலியான்னா பேங்க்கையும் பிராஞ்ச்சையும் சொல்ற 6 இலக்க பிஎஸ்பி, அதோட அக்கவுண்ட் நம்பர், அவ்ளோதான்.

கேள்வி: ஜப்பான்ல மொழிப் பள்ளிக்கு வந்திருக்கேன். 6 மாசம் ஆகாம அக்கவுண்ட் இல்லைங்கறாங்க, நிஜமா?

பதில்: பாதி நிஜம். அந்த நாட்டு அந்நியச் செலாவணி விதிப்படி வந்து 6 மாசம் ஆகாதவங்க "குடியிருக்காதவர்" கணக்குல வருவாங்க, அங்க இருக்கற ஆபீஸ்ல வேலைக்கு வந்தவங்களுக்கு மட்டும் அந்தக் காத்திருப்பு இல்ல. பல பேங்க் அதனால யோசிக்கும், சிலது சில வசதியைக் குறைச்சுத் திறந்து தரும், பள்ளிக்கூடத்துல மாணவர்களுக்குன்னு எந்த பேங்க் வழக்கம்னு கேளுங்க, போஸ்ட் பேங்க்கைத்தான் முதல்ல சொல்லுவாங்க. ரெசிடென்ஸ் கார்டோட பின்பக்கம் அட்ரஸ் எழுதி வாங்கியிருக்கணும், குடிபோன 14 நாளுக்குள்ள. விசா நீட்டிச்சா புது கார்டை பேங்க்ல காட்டணும், மறந்தா ஒரு நாள் ஏடிஎம் பணம் தராது.

கேள்வி: ரூம் மேட்டோட ஃப்ரெண்ட் "உன் அக்கவுண்ட்ல கொஞ்சம் பணம் வரும், எடுத்துக் குடு, 10 சதவீதம் நீ வச்சுக்க"ங்கறான். சின்ன உதவிதானேன்னு யோசிக்கறேன்.

பதில்: யோசிக்காதீங்க. அது யாரோ ஏமாந்தவங்க பணம், போலீஸ் தேடி வர்றப்போ கையில மாட்டறது அக்கவுண்ட்காரர், அதாவது நீங்க. பிரிட்டன்ல இப்படித் திருட்டுப் பணத்தைக் கை மாத்தற குற்றத்துக்கு (மணி லாண்டரிங்) அதிகபட்சம் 14 வருஷம் ஜெயில், கேஸே இல்லைன்னாகூட மோசடிப் பட்டியல்ல பேர் ஏறினா 6 வருஷம் வரைக்கும் பல பேங்க் வாசல்லயே சேக்காது. ஜப்பான்ல ஊருக்குத் திரும்பறப்போ கார்டையும் பாஸ்புக்கையும் வித்துட்டுப் போற மாணவர்களைப் பிடிச்சிருக்காங்க, விக்கறதே அங்க குற்றம். ரூமும் மாறிடுங்க முடிஞ்சா.

கேள்வி: எமிரேட்ஸ்ல வேலை முடிஞ்சு மொத்தமா கிளம்பறேன். அக்கவுண்டை அப்படியே விட்டா தானா மூடிடும்ல?

பதில்: மூடாது, கட்டணம் ஏறும், மைனஸ்ல போகும், அந்த மைனஸ் கடனாகும். கார்டு பாக்கி, லோன் பாக்கி இருந்தா விசா கேன்சல் ஆனதுமோ கடைசி செட்டில்மென்ட் வந்ததுமோ பேங்க் பணத்தை நிறுத்தி வச்சுக்கும், அதனால அந்தப் பணம் வர்றதுக்கு முன்னாடியே பேங்க்கோட பேசி ஒரு வழிக்கு வந்துடுங்க. மூடினதும் பாக்கி எதுவும் இல்லைங்கற கிளியரன்ஸ் லெட்டரை முத்திரையோட வாங்குங்க, ஆப்ல "அக்கவுண்ட் குளோஸ்டு"ன்னு வந்த ஸ்க்ரீன்ஷாட் பத்தாது.

ஐரோப்பாலேந்து கிளம்பறவங்களுக்கு இதுக்கு நேர் எதிரா சொல்லணும், அவசரப்பட்டு மூடாதீங்க. வீட்டு டெபாசிட் திரும்பி வர மாசக்கணக்கு ஆகும், வரி ரீஃபண்ட் அதுக்கும் மேல, ரெண்டும் வந்து விழ அந்த அக்கவுண்ட் உயிரோட இருக்கணும். அட்ரஸை மாத்தி எழுதிக் குடுத்துட்டு, வரிக் குடியிருப்பு மாறினதைச் சொல்லிட்டு, கொஞ்சம் பணம் விட்டு வைங்க. சிம் கார்டை மட்டும் கேன்சல் பண்ணிடாதீங்க, அந்த பேங்க்கோட ஓடிபி அந்த நம்பருக்குத்தான் வரும், நம்பர் போனப்பறம் அதை மாத்தறதுக்கும் அதே நம்பருக்குத்தான் ஓடிபி அனுப்புவாங்க.